அந்த நோவ எனக்குக் குடு தாயி

என்ற தம்பி பதினாறு வயசுல சர்க்கர நோவுல செத்தான். கொடம் கொடமாத் தண்ணி குடிச்சான். பசி பசின்னான். தின்னதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாம கரும்புச் சக்கையாட்டம் உலந்து போனான். அதனால, எழுபத்தி மூணாம் வருசம் என்ற மகன் செல்வராசு மெட்ராசுல இருந்து திரும்பி வந்து, வாசப்படி ஏறாமயே, "அம்மா, எனக்குச் சர்க்கரையாமா"ன்னு சொன்னப்ப எனக்குக் காது அடைச்சுப் போச்சு. கையில இருந்த மொறத்த அப்படியே கீழ போட்டுட்டேன். அரிசி வாசலெல்லாம் சிதறிப் போச்சு. அதக் கூட்டி அள்ளக்கூட எனக்குத் தெம்பு இல்ல.

வெளக்குப் பூசைக்கு வந்திருக்கற அக்கா தங்கச்சிகளே, நீங்க எல்லாரும் நம்ம மாரியாத்தாளக் கும்பிடறவங்கதான். உங்ககிட்ட எனக்கென்ன ஒளிவு மறைவு. "ஆத்தா உனக்குச் செஞ்சத நீயே உன்ற வாயால சொல்லு பழனாத்தா"ன்னு பூசாரியண்ணன் சொன்னாரு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோவமும் சாஸ்தி. அது உங்களுக்கே தெரியும். பொறுத்துக்கோங்க.

செல்வராசு எங்களுக்கு ஒரே பையன். கோயமுத்தூருல காலேசு படிச்சான். எங்க கடலக்காட்டுக்கு மேல ஏரோப்பிளான் போச்சுன்னா, களைக்கொத்தக் கீழ போட்டுட்டு அது மறையற வரைக்கும் அண்ணாந்து நிப்பான். படிச்சு முடிச்சதும், ஏரோப்பிளான் ஓட்டத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னான். ஊரே சிரிச்சுது. "பூமியில நேராச் சால் ஓட்டத் தெரியாது, இவன் வானத்துல ஓட்டப் போறானாமா"ன்னு பெரியூட்டுக்காரங்க என்ற காதுபடவே சொன்னாங்க. நானும் சும்மா வரல. "சால் கோணலானா மண்ணுதான் வீணு, உங்க வாய் கோணலாயிருக்குதே, அத ஆரு நிமுத்தறது"ன்னு கேட்டுட்டுத்தான் வந்தேன்.

நம்ம நாட்டுல அந்தப் படிப்புக்கு எடம் கெடைக்கோணும்னா வரிசையில நின்னே தலை நரைச்சிரும்னான். வெளிநாட்டுக்குப் போறதுன்னா இங்கிருந்து பணம் அனுப்ப லேசுல விடமாட்டாங்க. குவைத்துல வேலையில இருந்த என்ற கொழுந்தனாருதான் மனசு வெச்சாரு. "அண்ணி, நான் இங்கிருந்தே காசு கட்டிப்போடறேன். ஆனா எனக்கு இங்க வேலை அடுத்த வருசம் வரைக்குந்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் என்னால முடியும், அதுவும் ஒருக்காத்தான். நல்லா யோசிச்சு ஒண்ணச் சொல்லுங்க"ன்னு எழுதினாரு. கையில இருக்கறது ஒரே கல்லு. மாங்கா விழுந்தா உண்டு, இல்லாட்டி இல்ல.

அப்பறம் எங்க ஊடு ஊடா இருக்கல. செல்வராசு எங்கெங்கயோ எழுதிப் போட்டான். தபால்காரரு மலையாளத்துக்காரரு, "அம்மே, பின்னயும் எழுத்து வந்நு"ன்னு சிரிச்சுக்கிட்டே இன்னொரு காயிதத்தக் குடுத்துட்டுப் போவாரு. கடைசீல மூணு பள்ளிக்கூடம் நின்னுது. ஒண்ணு இங்கிலாந்துல. பேரு பெருசு, காசும் பெருசு. ஒண்ணு பிலிப்பைன்ஸுல. அதுதான் இருக்கறதுலயே மலிவு. இன்னொண்ணு அமெரிக்காவுல, ஏதோ பருத்திக் காட்டுக்கு நடுவுல. பேரே ஆரும் கேள்விப்பட்டதில்ல.

எங்க ஊட்டுக்காரரு அதிகம் பேச மாட்டாரு. அன்னைக்கு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டு வந்து உக்காந்து கேட்டாரு. "ஏஞ்சாமி, காசு எதுக்கு வாங்கறாங்க? மாசத்துக்கா?"

"இல்லீங்கப்பா, பறக்கற மணிக்கு இவ்வளவுன்னு."

"மழ பேஞ்சா?"

"மழையோ மூட்டமோ இருந்தா அன்னைக்குப் பறக்க விட மாட்டாங்க."

"அப்ப அன்னைக்குத் திங்கற சோறும் தங்கற எடமும்?"

"அது நம்ம செலவுதாங்கப்பா."

"அப்ப மணிக்கு எவ்வளவுன்னு பாக்காத. எந்த ஊருல மழ கம்மின்னு பாரு. பொழுதே கண்ணுல படாத ஊருக்குப் போயி ஏரோப்பிளான் கத்துக்கறேங்கறது, கெணத்துல தண்ணியில்லாம நாத்து உட்ட கதைதான்."

அவரு சொன்னது நாயந்தான். இங்கிலாந்துல பாதி வருசம் மூட்டம். பிலிப்பைன்ஸுல மணிக்குக் காசு கம்மி, ஆனா புயல் மழைன்னு மாசக்கணக்குல சும்மா உக்கார வேண்டி வரும். அமெரிக்காவுல அந்த ஊரு நம்ம கொழிஞ்சாம்பாறைக் காடாட்டம் காஞ்ச சீமை. ஆனா செல்வராசுக்கு இங்கிலாந்து மேலதான் கண்ணு. அந்தப் பேருக்குத்தான் நாளைக்கு வேலை குடுப்பாங்கன்னான். அப்பனும் மகனும் மொகம் குடுத்துப் பேசறதே நின்னு போச்சு. நான் ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சோறு போட்டேன்.

சித்திரையில கோயில் நோம்பி வந்துது. நான்தான் சொன்னேன், ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்தரலாம்னு. நம்ம கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூக் கேக்கறவன் காப்புக் கட்டி வெரதம் இருக்கோணும். கடைசி மூணு நாளு பச்சத்தண்ணிதான். செல்வராசு ஒரு கொறையுமில்லாம இருந்தான். கன்னம் ஒட்டிப் போச்சு. ஆத்தா மேல பூவ வெச்சு, பூசாரியண்ணன் ஒவ்வொரு ஊராச் சொல்லிக் கேட்டாரு. இங்கிலாந்துன்னாரு, பூ அசையவே இல்ல. பிலிப்பைன்ஸுன்னாரு, எடப்பக்கம் விழுந்துது. அமெரிக்கான்னு வாயெடுத்ததுதான், வலப்பக்கம் பொத்துன்னு விழுந்துது. நான் கொலவை போட்டேன் பாருங்க, கோயிலே அதிர்ந்துது. செல்வராசு ஒரு வார்த்த எதுத்துப் பேசல. "அவ சொல்லிட்டா, அவ்வளவுதாம்மா"ன்னு சொல்லி விழுந்து கும்பிட்டான்.

எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் டாக்டரு சர்ட்டிபிகேட் வேணும். மெட்ராசுல பாக்கறதுக்கு அடுத்த நாளே வரச் சொல்லியிருந்தாங்க. வெறும் வயித்துல வரோணும்னு எழுதியிருந்துது. கோயில்ல இருந்து நேரா ஒலவக்கோட்டுக்குப் போயி ரயில் ஏறினான். மாவிளக்கு மாவ ரெண்டு உருண்டை வாழையெலையில சுத்தி நான்தான் மடியில கட்டி உட்டேன். சிரிச்சுக்கிட்டே போனவன்தான். திரும்பி வந்தப்ப அந்த மொகத்துல ரத்தமே இல்ல.

மூத்திரத்துல சர்க்கரை இருக்குதாம். அது போதாதுன்னு, சர்க்கரை முத்திப் போனாத்தான் வருங்கற இன்னொண்ணும் இருக்குதாம். ஏரோப்பிளான் பக்கமே போகக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. "வயித்துல ஒண்ணுமில்லாமயே இவ்வளவு இருக்குது, தம்பி ஒடம்பப் பாத்துக்கோ"ன்னாராம் அந்த டாக்டரு.

ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, பெத்த வயிறு எப்படி எரியும்? ஏரோப்பிளான் கெடக்கட்டும், உசுரு? தம்பிக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. செல்வராசு ஒரு சொம்பு தண்ணி குடிச்சா எனக்கு ஈரக்கொல நடுங்கும். ரெண்டாவது சொம்பு கேட்டான்னா அடுப்படிக்குள்ள போயி முந்தானைய வாயில வெச்சு அழுவேன். சீனி, வெல்லம், சோறு எல்லாத்தையும் நிறுத்தினோம். ராயிக் களியும் பாகக்காயும்தான். ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் எழவு ஊட்டுக்கு வர்ற மாதிரி வந்துட்டுப் போனாங்க. ஒருத்தி கேக்கறா, "பூ நல்லபடியாத்தானே விழுந்துது? எடத்த வலம்னு பாத்துட்டீங்களா?" அவள வெளியில போகச் சொல்லிக் கதவச் சாத்துனேன். கதவச் சாத்துனாலும் அந்தக் கேள்வி உள்ளயே இருந்துது.

கொழுந்தனாரு மறுக்கா எழுதினாரு, சீக்கிரம் முடிவு சொல்லுங்கன்னு. அமெரிக்காவுல இருந்தும் எழுதிக் கேட்டாங்க.  எங்க ஊட்டுக்காரரு ரெண்டு காயிதத்தையும் அரிசிப்பானைக்குப் பின்னால சொருகி வெச்சுட்டு, பொழுதுக்கும் காட்டுலயே கெடந்தாரு.

ஒரு நாள் மத்தியானம் செல்வராசக் காணோம். தேடிக்கிட்டுப் போனா, கெணத்து மேட்டுல காலத் தொங்கப் போட்டுட்டு உள்ள பாத்து உக்காந்திருக்கறான்.  கூப்பிடவும் பயம், கூப்பிடாம இருக்கவும் பயம். மெல்லப் போயிப் பக்கத்துல உக்காந்தேன். அவன் என்னப் பாக்காமயே கேட்டான்.

"அம்மா, மாமன் சாகறப்ப நெம்பச் சிரமப்பட்டாரா?"

  அவன் கையப் புடிச்சு இழுத்துட்டு ஊட்டுக்கு வந்தேன். வழி முச்சூடும் அந்தக் கைய உடல.

அவன ஊட்டுல உக்கார வெச்சுட்டு நேரா இந்தக் கோயிலுக்கு வந்தேன். ஆரும் இல்ல. உள்ள நின்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பூக் குடுத்தவ நீதானே? வலப்பக்கம் போட்டவ நீதானே? அமெரிக்காவுக்குப் போன்னு சொல்லிப்போட்டுக் காலத் தட்டி உடறியே, உனக்கு இது அடுக்குமா? என்ற தம்பிய எடுத்தே, சரின்னு இருந்தேன். இப்ப மகனையும் கேக்கறியா? உனக்கு ஒரு உசுரு வேணும்னா நான் இருக்கறேன். அந்த நோவ எனக்குக் குடு தாயி. அவங்கிட்ட இருந்து எடுத்து எனக்குக் குடு. அவன் போகட்டும், பறக்கட்டும். நான் இங்க கெடந்து அத அனுபவிச்சுக்கறேன்." திட்டித் திட்டித் தொண்டை கட்டிப் போச்சு. அப்பறம் அவ காலடியிலயே உழுந்து அழுதேன்.

பூசாரியண்ணன் வந்து எழுப்பினாரு. "எனக்குக் காப்புக் கட்டுங்கண்ணா. என்ற மகன் எப்படி வெரதம் இருந்தானோ அப்படியே நானும் இருக்கறேன், ஒரு மயிரெழையும் கொறைய மாட்டேன்"னேன். ஊட்டுக்காரருக்குக் கோவம். "ஒருத்தன் படுத்தது போதாதா, நீ வேற படுக்கோணுமா?"

"ஏனுங்க, நான் படுத்தா எந்திரிச்சுக்குவேன். அவன் படுத்தா?"

அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு.

அவன் இருந்த மாதிரியே இருந்தேன். கடைசியில பச்சத்தண்ணிதான். முடிச்ச அன்னைக்கு மாவிளக்கு எடுத்து, அந்த மாவ அங்கயே தின்னுட்டு, செல்வராசையும் கூட்டிக்கிட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்க ஒரு பொம்பள டாக்டரு இந்த நோவுக்கு நல்லாப் பாக்கறாங்கன்னு சொல்லியிருந்தாங்க. பஸ்சுல எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. பரவாயில்லன்னு இருந்தேன். நோவு எம் பக்கம் வருதாக்கும்னுகூட நெனச்சேன்.

டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு எல்லாம் கேட்டாங்க. தம்பி செத்ததச் சொன்னேன். "ரத்த சொந்தத்துல இருக்குதா? அப்ப அம்மாவுக்கும் சேத்துப் பாத்தரலாம். நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"ன்னாங்க. "இல்லீங்க"ன்னேன். எங்க ரெண்டு பேருகிட்டயும் சீசா குடுத்து உட்டாங்க.

அந்தச் சித்த நேரம், எனக்கு ஒரு யுகமாட்டம் இருந்துது. செல்வராசு செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். ஆத்தா, ஆத்தான்னு நான் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் வரல.

டாக்டரம்மா கூப்பிட்டாங்க. மொகம் ஒரு மாதிரி இருந்துது. "தம்பிக்கு இன்னைக்குச் சுத்தமா இருக்குது. ஆனா..." என்னப் பாத்து நிறுத்தினாங்க. "உங்களுக்குத்தாம்மா நெறைய இருக்குது. மெட்ராசுல தம்பிக்கு என்னென்ன இருந்துதுன்னு எழுதியிருக்கறாங்களோ, அதெல்லாம் அப்படியே உங்களுக்கு இருக்குது."

நான் என்ன பண்ணினேன்னு நெனைக்கறீங்க? எந்திரிச்சு நின்னு கைய மேல தூக்கிக் கும்பிட்டேன். "குடுத்துட்டா! எனக்குக் குடுத்துட்டா! செல்வராசு, உனக்கு இல்லடா சாமி, எனக்கு வந்திருச்சுடா!"ன்னு கத்தினேன். சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துது. வெளியில இருந்தவங்கெல்லாம் எட்டிப் பாத்தாங்க. செல்வராசு என்னப் புடிச்சுக்கிட்டு, "என்னம்மா சொல்ற, என்னம்மா பண்ணித் தொலைச்சே"ன்னு அழுகறான். பாவம், டாக்டரம்மா பயந்தே போயிட்டாங்க. சர்க்கரைன்னு சொன்னதும் சந்தோசப்பட்ட பொம்பளைய அவங்க எங்க பாத்திருப்பாங்க?

தண்ணி குடுத்து உக்கார வெச்சாங்க. நான் நடந்ததெல்லாம் சொன்னேன். பூக் கேட்டது, வேண்டிக்கிட்டது, காப்பு, வெரதம் எல்லாம். கேட்டுக்கிட்டே வந்தவங்க பட்டுன்னு நிமுந்தாங்க.

"எத்தன நாளாச் சாப்பிடல?"

"மூணு நாளாப் பச்சத்தண்ணிதானுங்க."

"இன்னைக்குக் காலையில? ஒண்ணுமே வாயில வெக்கலியா?"

"இல்லீங்க. பிரசாதந்தானுங்க."

"என்ன பிரசாதம்?"

"மாவிளக்கு மாவுங்க. ரெண்டு உருண்டை."

"அது எதுல பண்றதும்மா?"

"பச்சரிசி மாவும் வெல்லமுங்க."

டாக்டரம்மா பேனாவக் கீழ வெச்சாங்க. செல்வராசு பக்கம் திரும்பினாங்க. "தம்பி, மெட்ராசுல சாப்பிட்டியான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லீங்கன்னு சொன்னேன்."

"அன்னைக்கு நீயும் இதத் தின்னுட்டுத்தான் போனியா?"

"ஆமாங்க, விடியக்கால ரயிலு எறங்கறப்ப. ஆனா அது பிரசாதங்க. சாப்பாட்டுல சேராதுங்க."

அவங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் என்ற காதுல இருக்குது. அப்பறம் பொறுமையாச் சொன்னாங்க. நாள்கணக்கா வயித்தக் காயப்போட்டா ஒடம்பு தன்னோட கொழுப்பையே எரிச்சுக்குமாம். மூத்திரத்துல அந்த இன்னொண்ணு வர்றது அதனாலதானாம். அப்படிக் காஞ்ச ஒடம்புல பொசுக்குன்னு அத்தன வெல்லத்தக் கொட்டினா, அதுக்கு ஏத்துக்கத் தெரியாதாம், வெளிய தள்ளிருமாம். "தம்பி மட்டும் வந்திருந்தா நான் என்ன நெனச்சிருப்பேன் தெரியுமாம்மா? பத்தியத்துல இருக்கறதால இன்னைக்குத் தெரியல, நோவு உள்ள இருக்குதுன்னுதான் எழுதியிருப்பேன். நீங்க வெரதம் இருந்து அதே மாவத் தின்னுட்டு வந்ததாலதான் எனக்கு வெளங்குச்சு. ரெண்டு பேரும் போயி ஒரு வாரம் மூணு நேரமும் நல்லாச் சோறு தின்னுட்டு வாங்க."

போயிட்டு வந்தோம். குளுக்கோசுத் தண்ணி குடிக்க வெச்சு, ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. செல்வராசுக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. டாக்டரம்மா எழுதிக் குடுத்தத எடுத்துக்கிட்டு மெட்ராசுக்குப் போனான். அவங்க மறுக்கா பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு அரிசிப்பானைக்குப் பின்னால இருந்து அந்தக் காயிதங்கள எடுத்து மகன் கையில குடுத்து, "எழுது"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஆனா கண்ணு தளும்பி நின்னுது.

அமெரிக்காவுக்குப் போயி செல்வராசு எழுதின மொதக் காயிதம் அப்பனுக்குத்தான். "அப்பா, வந்ததுல இருந்து இங்க மழையே இல்ல. தெனமும் பறக்கறேன். கொட்டாய்ல ஏரோப்பிளான் சும்மா நின்ன நாளே இல்ல"ன்னு. அத மடியில வெச்சுக்கிட்டு எங்க ஊட்டுக்காரரு சந்தையெல்லாம் படிச்சுக் காட்டினாரு. சித்தப்பன் கட்டின காசுலயே படிப்பு முடிஞ்சுது. மழைக்கு ஒக்காந்து தின்னிருந்தா முடிஞ்சிருக்காது. பூவ எங்க போடோணும்னு ஆத்தாளுக்குத் தெரியாதா? இப்ப அவன் நம்ம நாட்டுலயே ஓட்டறான். பெரியூட்டுக்காரங்க மகளுக்குக் கேட்டு வந்தாங்க. அது வேற கதை.

செல பேரு எங்கிட்டயே கேட்டிருக்கறாங்க, "வெரதமும் வெல்லமும் பண்ணின கூத்துக்கு ஆத்தா எங்க வந்தா"ன்னு. வருவா. நானா யோசிச்சா வெரதம் இருந்தேன்? அழுக மட்டுந் தெரிஞ்சவளுக்கு அந்த வழிய ஆரு காட்டினது? முடிச்சுப் போட்டதும் அவ, அவுத்ததும் அவ. நான் நடுவுல கெடந்த கயிறுதான்.

இன்னொண்ணு சொல்லோணும். இத இன்னும் ஊருக்குள்ள சொல்லல. போன தையில எனக்கு அடிக்கடி மயக்கம் வந்துது. அதே டாக்டரம்மாகிட்டப் போனேன். பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, "என்ன பழனாத்தா, இன்னைக்கு என்ன பிரசாதம்?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. இன்னைக்கு நெசமாலுமே ஒண்ணும் சாப்பிடலீங்க."

அவங்க சிரிப்பு நின்னு போச்சு. மறுக்கா பாத்தாங்க. அப்பறமும் பாத்தாங்க. ஆமா, எனக்குச் சர்க்கரைதான். செல்வராசு லீவு போட்டுட்டு ஓடி வந்து என்ற கால்மாட்டுல உக்காந்து, "எனக்காகக் கேட்டதும்மா இது"ன்னு சின்னப் பையனாட்டம் அழுதான். நான் அவன் தலையத் தடவிக் குடுத்தேன். "ஆமாண்டா சாமி, நான்தான் கேட்டேன். கேட்டத உடனே குடுக்காம, உன்ன வளத்தி ஆளாக்கி, வானத்துல ஏத்தி உட்டுட்டு, சாவகாசமாக் குடுத்திருக்கறா. எம்பட தாய்க்கு எவ்வளவு பெரிய மனசு பாரு." அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு நோவு நொடி இல்ல. வருசா வருசம் பாக்கறாங்க, சுத்தமா இருக்குதுன்னு எழுதறாங்க. எனக்கு அது போதும். நான் மாத்திரை போட்டுக்கறேன், களி திங்கறேன், நல்லாத்தான் இருக்கறேன்.

அதனால அம்மணிகளா, உங்களுக்குத் தாளாத கஷ்டம் வந்தா இங்க வந்து கேளுங்க. அழுது கேளுங்க, திட்டிக்கூடக் கேளுங்க, அவ கோவிச்சுக்க மாட்டா. ஆனா, குடுத்தா வாங்கிக்கற மனசோட கேளுங்க. வெரதம் இருந்துட்டு டாக்டருகிட்டப் போனா, பிரசாதம் தின்னதையும் சொல்லிப்போடுங்க.

அவ்வளவுதானுங்க. பூசாரியண்ணன் மாவிளக்கு மாவு கொண்டாறாரு. எனக்கு மட்டும் வேண்டாமுங்க, என்ற பங்க உங்க கொழந்தைகளுக்குக் குடுங்க.